யாரிடமும் சொல்லாத கனவு: சிலம்பும் நனவிலி மனமும்

கண்ணகி தன் கனவைக் கோவலனிடம் சொல்லவே இல்லை. கோவலனும் தன் கனவைக் கண்ணகியிடம் சொன்னதாகச் சிலப்பதிகாரத்தில் எங்கேயும் இல்லை. இத்தனைக்கும் இரண்டு பேரும் கண்டது கிட்டத்தட்ட ஒரே கனவு. அவள் புகாரில் கண்டாள், தேவந்தி என்ற தோழியிடம் சொன்னாள். அவன் மதுரைக் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் இருந்தபோது மாடலன் என்ற மறையவனிடம் சொன்னான். ஒருவருக்கொருவர் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. மதுரை எரிந்த கதையைத் தீர்ப்பு, ஊழ், கற்பு என்று எத்தனையோ பக்கமிருந்து பேசியாயிற்று. இந்தச் சொல்லாமையின் பக்கமிருந்து கொஞ்சம் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சொல் விஷயம். பிராய்டு பேசிய அந்த அடித்தளத்துக்குத் தமிழில் ஆழ்மனம், அடிமனம், நனவிலி என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. எனக்குப் பிடித்தது நனவிலி. நனவு என்றால் விழிப்பு. கனவுக்கு எதிர்ச்சொல்லாக வள்ளுவரே பயன்படுத்திய பழைய சொல். 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தில் நனவும் கனவும் மாறி மாறி வந்து மோதும். நேரில் வந்து அன்பு காட்டாதவனைக் கனவில் பார்த்துவிடுவதால்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பெண் அங்கே சொல்கிறாள். ஆசை நிறைவேறும் இடம் கனவு என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

நற்றிணையில் இன்னும் வேடிக்கையான ஒன்று இருக்கிறது. 87ஆம் பாட்டு, பாடியவர் நக்கண்ணையார். மாமரத்துக் கிளையில் தலைகீழாகத் தொங்கித் தூங்குகிற வௌவால், வேறெங்கோ ஒரு காட்டிலிருக்கும் நெல்லிக்காயின் புளிப்பைக் கனவு காண்கிறது. தலைவியின் கனவுக்கு அது உவமை. பிராய்டு தன் 'கனவுகளின் விளக்கம்' நூலில் ஒரு பழமொழியை எடுத்துக்காட்டுவார்: வாத்து எதைக் கனவு காணும்? மக்காச்சோளத்தை. கனவு என்பது ஆசையின் நிறைவேற்றம் என்ற தன் கொள்கை முழுவதும் இந்தக் கேள்வி பதிலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பார். அவருக்கு வாத்து, நமக்கு வௌவால்.

இதைச் சொன்னவுடனே 'அப்பவே நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அது வேண்டாம். நம் முன்னோர் கனவை வைத்து அடுத்து என்ன நடக்கும் என்று முன்னோக்கிப் பார்த்தார்கள். பிராய்டு கனவை வைத்து என்ன நடந்தது, எது மனதில் அமுங்கிக் கிடக்கிறது என்று பின்னோக்கிப் பார்த்தார். பொன்னவன் பெயரில் 'கனா நூல்' என்று வெண்பாக்களால் ஆன சிறு நூல் ஒன்று தமிழில் உண்டு. இன்ன கனவுக்கு இன்ன பலன், எந்தச் சாமத்தில் கண்டால் எவ்வளவு நாளில் பலிக்கும் என்பதுதான் அதன் அக்கறை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் கோச்சடைப் பக்கத்தில் பாட்டிகள் இன்றைக்கும் சொல்வது அந்த மரபுதான். பிராய்டுக்கு இந்த அகராதி முறையில் நம்பிக்கை கிடையாது. கனவு கண்டவர் யார் என்று தெரியாமல் கனவுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பார்.

அந்த ஒரு கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு சிலம்புக்குள் போகலாம். கனவு கண்டவர் யார்?

கண்ணகி கனவு காணும்போது அவள் கணவனால் கைவிடப்பட்டவள். கோவலன் மாதவியோடு இருக்கிறான். ஒன்பதாவது காதைக்குப் பெயரே 'கனாத்திறம் உரைத்த காதை'. கனவு இதுதான்: அவன் என் கையைப் பிடித்தான், இருவரும் ஒரு பெரிய ஊருக்குப் போனோம். அந்த ஊர்க்காரர்கள் தேளை எடுத்து மேலே போட்ட மாதிரி பொருந்தாத ஒரு பழியை என் மேல் போட்டார்கள். கோவலனுக்கு ஏதோ தீங்கு என்று கேட்டு, அரசன் முன்னால் போய் நான் வழக்குரைத்தேன். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறாள். அதை நான் பேசமாட்டேன் என்கிறாள். கடைசியில் அவனோடு எனக்குக் கிடைத்த நன்மையைக் கேட்டால் உனக்குச் சிரிப்புத்தான் வரும் என்று முடிக்கிறாள்.

கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் உத்தி என்று இதைக் கடந்து போய்விடலாம். உத்திதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த உத்திக்குள் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது பாருங்கள். பழி பின்னால் கோவலன் மேல் விழப்போகிறது. கனவில் அது அவள் மேல் விழுகிறது. கணவன் விட்டுப்போன பெண்ணின் மேல் ஊர் ஏற்கெனவே எத்தனை தேள்களைப் போட்டிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அப்புறம், இந்தக் கனவில் மாதவி இல்லை. விழித்திருக்கும்போது அவள் வாழ்க்கையைத் தின்றுகொண்டிருக்கிற பெயர் அது. கனவில் அதற்கு இடமே இல்லை. கனவின் முதல் காட்சியே அவன் கை அவள் கையைப் பிடிப்பது. வௌவாலுக்கு நெல்லிக்காய்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, பேசமாட்டேன் என்று அவள் நிறுத்துகிற இடம். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது என்ற விஷயத்தில்தான் நாக்கு தடைபடுகிறது. கனவைச் சொல்லும்போது சொல்பவர் எங்கே தயங்குகிறாரோ, எதைக் குறைத்துச் சொல்கிறாரோ, அங்கேதான் தோண்ட வேண்டும் என்பது பிராய்டின் தொழில் ரகசியங்களில் ஒன்று. மனதுக்குள் ஒரு தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருக்கிறார் என்பார். கண்ணகியின் தணிக்கை அதிகாரி வெட்டிய பகுதி, ஒரு நகரத்தின் அழிவு.

தேவந்தி பரிகாரம் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்கிறாள். கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள்: அது பெருமை ஆகாது. அந்த நிமிஷமே வாசலில் கோவலன் வந்து நிற்கிறான். குலம் தந்த செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் புன்னகை, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மதுரைக்குப் போய்ப் பிழைக்கலாம் என்கிறான், அன்று இரவே கிளம்பிவிடுகிறார்கள். பெரிய ஊர், பழி, அரசன் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் தோழியிடம் சொல்லியிருக்கிறாள். 'நான் ஒரு கனவு கண்டேன், வேண்டாம்' என்று ஒரு வார்த்தை கணவனிடம் சொல்லவில்லை.

ஏன்? ஊழ் என்று காவியம் பதில் சொல்லும். கணவன் சொல்லைத் தட்டாதவள் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இன்னொரு பதிலும் சாத்தியம். கனவின் முதல் பாதி, அவன் கையைப் பிடித்து அழைத்துப்போவது, அவள் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கெடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

கோவலனின் கனவு பதினைந்தாவது காதையில், அடைக்கலக் காதையில் வருகிறது. ஒரு கீழ்மகனால் இந்த அரசனுடைய நகரத்தில் கண்ணகி நடுங்கித் துயரப்படுகிறாள். என் ஆடை பறிபோகிறது. கொம்புள்ள ஒரு விலங்கின் மேல் ஏறிப் போகிறேன். எருமைக்கடா என்று எடுத்துக்கொள்வோர் உண்டு, எமனின் வாகனம் என்றால் பொருத்தம்தானே. பிறகு கண்ணகியோடு சேர்ந்து நல்லோர் உலகத்தை அடைகிறேன். காமன் தன் மலர் அம்பை வெறுந்தரையில் வீசிவிட்டு ஏங்க, மாதவி மணிமேகலையைப் புத்தன் முன்னால் கொண்டுபோய் ஒப்படைக்கிறாள். நனவு மாதிரியே இருந்தது, சீக்கிரம் பலித்துவிடும் என்கிறான்.

அவன் கனவில் மாதவி இருக்கிறாள். இருக்கத்தானே செய்வாள்? அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், பதின்மூன்றாம் காதையில், கௌசிகன் மூலம் மாதவியின் ஓலை வந்து சேர்ந்தது. ஓலையின் மண் முத்திரையில் அவள் கூந்தலின் அச்சு, கூடவே பழைய எண்ணெய் வாசம். அந்த வாசத்தில் பழசெல்லாம் திரும்பி வர, அவள் மேல் தவறில்லை, தவறு என்னுடையதுதான் என்று உணர்கிறான். பகலில் முடிக்காமல் விட்ட சமாச்சாரம் இரவில் கனவுக்குச் சரக்காகிறது என்பதைப் பிராய்டு 'பகல் எச்சம்' என்ற கருத்தாகவே வளர்த்தார். கோவலனின் பகல் எச்சம் அந்த எண்ணெய் வாசம். மாதவியும் மகளும் துறவுக்குப் போகிறார்கள், காமன் அம்பைத் தரையில் எறிகிறான் என்றால், தன்னால் செய்ய முடியாத கணக்குத் தீர்ப்பைக் கனவு செய்து கொடுக்கிறது.

இப்போது இரண்டு கனவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் கனவில் கண்ணகி நடுங்குகிறாள். அவள் கனவில் கண்ணகி அரசன் முன்னால் நின்று வாதாடுகிறாள். அவன் கனவில் அரசனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊரும் எரியவில்லை. பாதுகாக்க வேண்டிய, பயந்த பெண்ணாகத்தான் அவன் மனதில் அவள் கடைசிவரை இருந்திருக்கிறாள். தனக்குள் வேறொருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்கு, புகாரில் இருக்கும்போதே, தூக்கத்திலாவது தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்தபோதிருந்து என்னை உறுத்திய கேள்வி இது. முதல் காண்டம் முழுக்க வாய் திறக்காத பெண், மதுரையில் திடீரென்று எப்படி இன்னொருத்தி ஆனாள்? திடீரென்று ஆகவில்லை என்பதற்கு இந்தக் கனவுதான் சாட்சி. இன்னொரு சாட்சியும் உண்டு. ஆயர்பாடியில் கடைசி உணவுக்குப் பிறகு கோவலன் மனம் விட்டுப் பேசுகிறான், எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். அப்போதுதான் அவள் முதல் தடவையாக, நீங்கள் நடந்துகொண்டது சான்றோர் ஏற்காத நடத்தை என்று நேராகச் சொல்கிறாள். அதற்கு முன், உங்கள் அப்பா அம்மா என் பொய்ப் புன்னகையைப் பார்த்து உள்ளே இருந்த நோயைக் கண்டுகொண்டு வருந்தினார்கள் என்றும் சொல்கிறாள். வாயில் இருக்கிறது, உள்ளத்தில் இல்லை, அப்படி ஒரு சிரிப்பு. சிலம்பைக் கொடுத்தபோது சிரித்தாளே, அது எந்தச் சிரிப்பு?

கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1921இல் அமுக்கம் பற்றிய தன் ஆய்வேட்டை வெளியிட்டுப் பிராய்டுக்கும் அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1931இல் பிராய்டின் 75ஆவது பிறந்த நாளுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய விஷ்ணு சிலை பிராய்டின் மேசையில் இடம் பிடித்தது. ஆனால் குருவுக்குத் தலையாட்டிய சீடர் இல்லை போஸ். ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று கூடவே பிறந்து நனவிலியில் கிடக்கிறது என்று வாதிட்டார். பணிகிற ஆசைக்கு அடியில் எதிர்க்கிற ஆசை, அடிக்கிற ஆசைக்கு அடியில் அடிபடுகிற ஆசை. பிராய்டு இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணகியைப் படிக்கும்போது எனக்கு போஸ்தான் கை கொடுக்கிறார். பகலில் சம்மதிக்கிறவளும் இரவில் வழக்காடுகிறவளும் ஒரே உடம்பில் சேர்ந்தே வளர்ந்தவர்கள்.

காவியப் பாத்திரத்தின் கனவை, உண்மையில் யாருமே காணாத கனவை, இப்படிப் பிய்த்துப் பார்க்கலாமா என்று கேட்பது நியாயம்தான். 1907இல் பிராய்டே அதைச் செய்தார். யென்சன் என்பவர் எழுதிய 'கிராதிவா' கதையில் வரும் கற்பனைக் கனவுகளை எடுத்துக்கொண்டு ஒரு சிறு நூல் எழுதினார். மனதின் இயக்கத்தைப் பற்றி மருத்துவர்களைவிடக் கதைசொல்லிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. காலக்கணக்கிலும் ஒரு சுவாரசியம் உண்டு. உ.வே.சா. சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டது 1892இல். பிராய்டின் கனவு நூல் 1899 நவம்பரில் வந்தது, அட்டையில் 1900 என்று போட்டார்கள். 600 பிரதி அச்சிட்டு, விற்றுத் தீர எட்டு வருஷம் ஆயிற்று. உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு கனவுப் புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் அச்சுக்கு வந்திருக்கின்றன.

மூன்றாவது கனவு பாண்டிமாதேவியுடையது. இதைப் பெரும்பாலும் யாரும் நின்று கவனிப்பதில்லை. வழக்குரை காதையின் தொடக்கத்தில் வருகிறது: செங்கோலும் வெண்குடையும் விழுகின்றன, வாயில் மணி தானே அசைந்து ஒலிக்கிறது, இரவில் வானவில், பகலில் விண்மீன் உதிர்கிறது. வழக்கமான தீநிமித்தப் பட்டியல் என்று தள்ளிவிடலாம். ஆனால் முன்னால் போய்க் கொலைக்களக் காதையைப் பாருங்கள். ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அரசன் மனம் தோய்ந்திருக்க, தேவிக்கு ஊடல். அதை வெளிக்காட்டாமல் தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் அரசன் அந்தப்புரத்துக்கு விரைகிறான். வழியில் பொற்கொல்லன் விழுந்து கும்பிட்டு, தேவியின் சிலம்பைத் திருடியவன் என் வீட்டில் இருக்கிறான் என்கிறான். அவசரத்தில் அந்த ஆணை பிறக்கிறது.

அரசனின் மேல் வந்த கோபத்தைத் தலைவலியாக மாற்றி விழுங்கியவள் அவள். அவள் கனவில் விழுவது எது? அரசனின் கோலும் குடையும். ஒலிப்பது எது? நீதி கேட்டு வருபவர்கள் இழுக்கிற வாயில் மணி. தன் சிலம்புக்காக ஒரு தலை விழுந்தது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இளங்கோ சொல்லவில்லை. கனவில் மணி அடிக்கிறது, அவ்வளவுதான். அவள் ஓடிப்போய் அரசனிடம் சொல்கிறாள். மூன்று பேரில் உரியவரிடம் கனவைச் சொன்னது அவள் ஒருத்திதான். சொல்லி முடிக்கும்போது கண்ணகி வாயிலில் நிற்கிறாள்.

கோச்சடை வைகையின் தென்கரையில் இருக்கிறது. கோச்சடையன் என்ற பாண்டியன் பெயரோடு ஊர்ப்பெயரை முடிச்சுப் போடும் ஆசை எனக்கும் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஆற்றைச் சொல்ல வந்ததற்குக் காரணம் வேறு. கவுந்தியடிகளோடு இருவரும் வடகரையிலிருந்து மரத்தெப்பத்தில் ஏறி இந்தத் தென்கரைக்குத்தான் வருகிறார்கள். நடக்கப்போவது வைகைக்கு முன்பே தெரியும் என்கிறது காவியம். தெரிந்தும், கண்ணீரைப் பூவாடையால் மறைத்துக்கொண்டு போகிறாள் வைகை. மதில்கொடிகள் வராதே வராதே என்று கையசைக்கின்றன. நிலத்துக்கும் நீருக்கும் தெரிகிறது, சம்பந்தப்பட்ட இருவரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தெரிந்ததை மறைத்துக்கொள்ளுதல் என்பதற்கு அந்த ஆற்றைவிட நல்ல படம் எந்த உளவியல் நூலிலும் நான் பார்த்ததில்லை.

தேவந்திக்கு வருகிறேன். கண்ணகியின் கனவைக் கேட்டவள். அவள் கதையே விசித்திரம். பால் விக்கி இறந்த குழந்தைக்குப் பதிலாகப் பாசண்டச் சாத்தன் என்ற தெய்வமே குழந்தையாக வந்து, வளர்ந்து, அவளை மணந்து, எட்டு ஆண்டு உடன் வாழ்ந்து, தன் தெய்வ வடிவத்தைக் காட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டது. கணவர் தீர்த்தம் ஆடப் போயிருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு அவள் அந்தக் கோயிலை வழிபட்டு வருகிறாள். கணவனைப் பிரிந்தவள், கணவனைப் பிரிந்த இன்னொருத்தியிடம் கனவைச் சொன்னாள். சாத்தன் என்றால் அய்யனார். எங்கள் ஊரில் முத்தையாவோடு பெரிய குதிரைகளுக்குப் பின்னால் இருப்பவரும் அய்யனார்தான்.

சாமி வருவதை நோய் என்று மட்டும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பிராய்டு 1923இல், பேய்க்குத் தன்னை எழுதிக்கொடுத்த 17ஆம் நூற்றாண்டு ஓவியன் ஒருவனைப் பற்றி எழுதியபோது அதை நரம்பு நோயாகத்தான் படித்தார். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் சாமியாடுகிற பெண்களோடு பழகி 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் சொல்ல முடியாத துயரத்துக்கு ஊர் ஒப்புக்கொண்ட ஒரு மொழி கிடைக்கிறது என்ற கோணத்தில் அதைப் பார்த்தார். எனக்கு இது சரி என்று படுகிறது. திருவிழாவில் சாமி இறங்கியவர் முன்னால் மாமியாரும் கணவனும் கைகட்டி நிற்பதை யாரும் பார்த்திருக்கலாம். மற்ற நாளில் அவர் பேச்சை யார் நின்று கேட்கிறார்கள்?

சிலம்பின் கடைசிக் காதையில், வஞ்சியில், கண்ணகி கோட்டத்தில், தேவந்தி மேல் அதே சாத்தன் வருகிறான். கூந்தல் பூ உதிர்கிறது, புருவம் துடிக்கிறது, முகம் வியர்க்கிறது, இளங்கோ ஒவ்வொன்றாக எழுதுகிறார். விட்டுப்போன கணவன் அவளுடைய குரலிலேயே திரும்பி வந்து, அங்கே நிற்கிற மூன்று சிறுமிகள் மேல் கரகத்து நீரைத் தெளிக்கச் சொல்கிறான். தெளித்ததும் அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய பிறவி நினைவு வருகிறது. ஒருத்தி கோவலனின் தாய், ஒருத்தி ஆயர்முதுமகள் மாதரி, ஒருத்தி கண்ணகியைப் பெற்றவள். பெற்றவள் அழுகிற அழுகையில் கோபமும் இருக்கிறது: உன் கணவன் உன்னை இகழ்ந்தபோது கூடவே வருந்திய என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், யாருமில்லாத வேற்று ஊரில் போய்த் தனியாகத் துன்பப்பட்டாயே மகளே என்கிறாள். அந்த அம்மாவிடமும் கண்ணகி கனவைச் சொல்லவில்லை.